பதினொன்றாம் வகுப்பில் தொடக்கக்கால அமெரிக்க இலக்கியம்: மூன்று பாடவழிகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் அமெரிக்க இலக்கியம் என்றே பொருள். ஆனால் நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் அங்கே கிடையாது. பல மாநிலங்களுக்கும் பொதுவான கற்றல் அளவாக 2010-இல் வெளிவந்த காமன் கோர் தரவரையறை, பதினெட்டாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான அடிப்படை அமெரிக்கப் படைப்புகளை மேல்வகுப்பு மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. விடுதலைப் பிரகடனம், அரசியலமைப்பின் முகவுரை, உரிமைகள் சாசனம், லிங்கனின் இரண்டாவது பதவியேற்பு உரை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஆவணங்களை அவற்றின் நோக்கத்துக்காகவும் சொல்லாட்சிக்காகவும் அலசவேண்டும் என்றும் கேட்கிறது. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் அந்த வரையறையை ஏற்கவே இல்லை. ஏற்ற மாநிலங்களிலும் எந்த நூலை எந்த வரிசையில் படிப்பது என்பது கல்வி மாவட்டத்தின், பள்ளியின், பல நேரங்களில் தனி ஆசிரியரின் முடிவாகவே இருக்கிறது. அந்த முடிவு பள்ளிக்குப் பள்ளி மாறினாலும் நடைமுறையில் மூன்று வழிகளுக்குள் அடங்கிவிடுகிறது: காலவரிசையில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுச் செல்வது, அந்தக் காலத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட ஒரு நாடகத்தையோ நாவலையோ வாசலாகக் கொண்டு உள்ளே நுழைவது, ஒன்றோடொன்று மோதும் சிறிய மூல எழுத்துகளை இணை இணையாக வைத்துப் படிப்பது.

இவற்றை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். 1620 முதல் 1800 வரையிலான அந்த எழுத்துலகில், அதற்கு முந்தைய வகுப்புகளில் நாவலையும் சிறுகதையையும் படித்துப் பழகிய மாணவருக்குக் கைகொடுக்கக்கூடியது எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. முதல் அமெரிக்க நாவல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் ‘தி பவர் ஆஃப் சிம்பதி’ 1789-இல்தான் வந்தது. மாசசூசெட்ஸ் காலனி 1750-இல் மேடை நாடகங்களைச் சட்டம் போட்டே தடை செய்தது. எஞ்சியவை பிரசங்கம், நாட்குறிப்பு, கடிதம், பயண வரலாறு, பஞ்சாங்கம், அரசியல் சிறுநூல், மனு, பிரகடனம். இவற்றை எழுதியவர்களில் பலர் இலக்கியம் படைக்கும் எண்ணத்தோடு உட்கார்ந்தவர்கள் அல்லர். ஒருவரை நம்பவைக்க, எச்சரிக்க, குற்றம் சாட்ட, மன்றாட எழுதினார்கள். ஆகவே யார், யாரிடம், எதற்காக இதைச் சொல்கிறார் என்ற கேள்வியோடு ஒரு நீண்ட வாக்கியத்தின் முன் மாணவரை உட்கார வைக்கும் வழி எதுவோ அதுவே நல்ல வழி என்று நான் கொள்கிறேன். நாட்டின் வரலாற்றைக் கற்பிக்க வரலாற்று வகுப்பு தனியாகவே இருக்கிறது.

காலவரிசை வழி

இதுவே பழையது, பாடத்தொகை நூல்களின் அமைப்புக்கு ஒத்துப்போவது. ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் பூர்வகுடிகளான ஹோடெனஷோனி மக்களின் படைப்புக் கதையோடு, அதாவது வானிலிருந்து விழும் பெண்ணையும் அவளைத் தாங்கிக்கொள்ளும் ஆமையையும் பற்றிய கதையோடு, ஆண்டு தொடங்கும். அடுத்து வில்லியம் பிராட்ஃபோர்டின் பிளிமத் குடியேற்ற வரலாறு, ஜான் விந்த்ரோப்பின் ‘மலைமேல் நகரம்’ உரை, ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகள், மேரி ரோலண்ட்சனின் சிறைபிடிப்பு வரலாறு, ஜொனதன் எட்வர்ட்ஸின் பிரசங்கம், பெஞ்சமின் பிராங்க்ளின், தாமஸ் பெயின், தாமஸ் ஜெஃபர்சன் என்று வரிசை போகும்.

இந்த வழியின் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. வேறு நாட்டிலிருந்து வந்து நேரடியாகப் பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவருக்கு ஆங்கிலேயக் குடியேறிகளைப் பிளிமத்துக்குக் கொண்டுவந்த மேபிளவர் கப்பல் 1620 என்பதும் விடுதலைப் பிரகடனம் 1776 என்பதும் ஒரே மூட்டையில் கிடக்கும் செய்திகள்தாம். இரண்டுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது, முதல் குளிர்காலத்தில் தம்மில் ஏறக்குறையப் பாதிப் பேரைப் பறிகொடுத்த குடியேறிகளின் உலகமும் பிலடெல்பியாவின் அச்சுக்கூட உலகமும் ஒன்றல்ல என்பதை அவருக்கு உணர்த்தக் காலவரிசையைவிட நேரான கருவி இல்லை. எல்லாவற்றையும் கடவுளின் கையாகக் கண்ட எழுத்து, மனித முயற்சியைப் பேசும் எழுத்தாக மெல்ல மாறுவதையும் இந்த வரிசையில் காணலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எழுதப்பட்ட வரிசை படிக்கப்பட்ட வரிசையாக இருந்ததில்லை என்பதை இந்த வழி மறைத்துவிடுகிறது. பிராட்ஃபோர்ட் 1630 தொடங்கி எழுதிய வரலாறு, கையெழுத்துப் படியாகவே கிடந்து, புரட்சிப் போர்க் காலத்தில் காணாமற்போய், லண்டன் ஆயரின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1856-இல்தான் முழுமையாக அச்சேறியது; மூலப்படி மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது 1897-இல். விந்த்ரோப்பின் 1630 உரை 1838-இல் அச்சானது. 1729-இல் இறந்த எட்வர்ட் டெய்லரின் கவிதைகள் 1930-களில்தான் யேல் நூலகத்திலிருந்து வெளியே வந்தன. பாடத்தொகையில் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் அமர்ந்திருக்கும் இவர்கள் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார்கள் என்று மாணவர் எண்ணுவது இயல்பு. அப்படி எண்ணி எழுதப்படும் கட்டுரைகள் நல்ல மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றன. ஆனால் அந்தத் தொடர்ச்சியைக் கட்டியவர்கள் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள்.

துண்டு துண்டாகப் படிப்பதால் நேரும் சேதம் இன்னொன்று. எட்வர்ட்ஸ் 1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டில் ஆற்றிய ‘சினமுற்ற கடவுளின் கைகளில் பாவிகள்’ பிரசங்கம், கண்டிப்பான சீர்திருத்தக் கிறித்தவர்களான பியூரிட்டன்களுடைய மரபின் ஒழுங்கான கட்டமைப்பில் எழுதப்பட்டது: முதலில் பைபிளின் உபாகமத்திலிருந்து எடுத்த ஒரு வசனம், பிறகு அதிலிருந்து பெறப்படும் கோட்பாடு, கோட்பாட்டை நிறுவும் பத்து எண்ணிட்ட காரணங்கள், இறுதியில் கேட்போர்மீது அதைப் பொருத்திக் காட்டும் பகுதி. பாடத்தொகைகள் பெரும்பாலும் அந்த இறுதிப் பகுதியிலிருந்து, நெருப்பின்மேல் பிடிக்கப்பட்ட சிலந்தி வரும் பத்திகளை மட்டும் வெட்டித் தருகின்றன. விளைவாக, தருக்கத்தில் தேர்ந்த ஒரு சிந்தனையாளர் பயமுறுத்திக் கூச்சலிட்ட பிரசங்கியாக மாணவர் மனத்தில் பதிந்துபோகிறார். பத்துக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, தப்பிக்கும் வாசல் ஒவ்வொன்றும் அடைக்கப்பட்ட பிறகே அந்தச் சிலந்தி வருகிறது. காரணங்களைப் படிக்காதவருக்கு அந்த உவமையின் கொடுமை பாதிதான் புரியும்.

மூன்றாவது குறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பூர்வகுடிகளின் வாய்மொழிக் கதையை முதல் வாரத்தில் வைத்து, பிறகு ஆண்டு முழுவதும் அவர்களைத் திரும்பிப் பார்க்காத பாடத்தில், அந்த மக்கள் 1620-க்கு முன்பே முடிந்துபோன முன்னுரையாகிவிடுகிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தைச் சுவர் எழுப்பிய கிராமமாகக் காட்டுவதும் இதே வரிசைமுறையின் பக்கவிளைவுதான். மாசசூசெட்ஸில் 1692-இல் சூனியக் குற்றம் சாட்டி நடந்த சேலம் விசாரணைகளை நியாயப்படுத்தி 1693-இல் நூல் எழுதிய காட்டன் மேதர், 1721-இல் பாஸ்டனில் வெளியிட்ட ‘இந்தியா கிறிஸ்டியானா’ என்ற நூலில் நம் தரங்கம்பாடியிலிருந்த மிஷனரிகளோடு தாம் நடத்திய கடிதப் போக்குவரத்தைச் சேர்த்திருக்கிறார். அவரே 1718-இல், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் முன்னாள் ஆளுநரான எலிஹு யேலுக்குக் கடிதம் எழுதி, கனெக்டிகட்டின் சிறிய கல்லூரி ஒன்றுக்கு உதவி கேட்டார். யேல் அனுப்பிய துணிப் பொதிகளும் நூல்களும் வந்துசேர, அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்தக் கல்லூரியில் அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவர்களுள் ஒருவர் ஜொனதன் எட்வர்ட்ஸ். பாடத்தொகையின் அறிமுகக் குறிப்புகளில் இதற்கெல்லாம் இடம் கிடைப்பது அரிது.

பிற்காலப் படைப்பை வாசலாக்கும் வழி

இந்த வழியில் இரண்டு நூல்கள் ஆட்சி செய்கின்றன: சேலம் விசாரணைகளைக் களமாகக் கொண்ட ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகமும் நத்தானியல் ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலும். முன்னது 1953-இலும் பின்னது 1850-இலும் வந்தவை. இரண்டுமே தொடக்கக்கால இலக்கியம் அல்ல; ஆனாலும் பல பள்ளிகளில் பியூரிட்டன் காலம் என்றாலே இவைதாம்.

நாவலை விரைவில் தாண்டிவிடலாம். இருபத்து நான்கு அத்தியாயங்களுக்கு முன்னால் சுங்க அலுவலகம் பற்றிய நீண்ட முகப்புக் கட்டுரை ஒன்று நிற்கிறது. பல மாணவர்கள் அதைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துச் சுருக்க உரைகளைத் தேடிப் போய்விடுகிறார்கள். அது மிகச் சிறந்த நாவல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டு மனச்சாட்சியின் நாவல்; சேலம் விசாரணை நடுவர்களுள் ஒருவரான ஜான் ஹாதார்னின் வழியில் வந்த ஒருவர், தம் முன்னோர்களோடு கணக்குத் தீர்த்துக்கொள்ளும் நாவல். தொடக்கக்கால எழுத்தைப் படிக்கும் பயிற்சிக்கு அதை முதலில் கொடுப்பது பொருந்தாது.

நாடகத்தின் நிலை வேறு. வகுப்பில் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு உரக்கப் படிக்கலாம். நான்கு அங்கங்கள் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். வாசிப்பில் பின்தங்கியவரும் மூன்றாம் அங்கத்தின் நீதிமன்றக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கம்யூனிஸ்டு வேட்டை நடந்த ஐம்பதுகளில், பெயர்களைக் காட்டிக்கொடு என்று நாடாளுமன்றக் குழு மிரட்டிய சூழலில் எழுதப்பட்டது என்ற பின்னணியும் மாணவரை ஈர்க்கும். 1956-இல் மில்லரே அந்தக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். ஒரு கதையை வேறொரு காலத்தைப் பேசப் பயன்படுத்துவது எப்படி என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆயினும் அது கற்பிப்பது 1953-ஐ. பிறர்மீது குற்றம் சாட்டிய அபிகேல் வில்லியம்ஸ் 1692-இல் பதினொன்றோ பன்னிரண்டோ வயதுச் சிறுமி, நாடகத்தில் பதினேழு. தூக்கிலிடப்பட்ட ஜான் பிராக்டர் அறுபதை ஒட்டியவர். நாடகத்தில் முப்பதுகளில் இருக்கும் உழவர். இருவருக்குமிடையிலான உறவு நாடகாசிரியரின் படைப்பு. நீதிமன்றப் பதிவுகளில் ‘இந்தியர்’ (அதாவது அமெரிக்கப் பூர்வகுடி) என்று குறிக்கப்படும் அடிமைப் பெண் டிட்யூபா, நாடகத்தில் பார்படோஸிலிருந்து வந்த கறுப்பின அடிமை. இவற்றில் மில்லர் எதையும் ஏமாற்றிச் செய்யவில்லை; சிறுமிகளின் எண்ணிக்கையைக் குறைத்ததையும் அபிகேலின் வயதைக் கூட்டியதையும் பல நடுவர்களை ஓரிருவருக்குள் அடக்கியதையும் நூலின் முன்குறிப்பிலேயே சொல்லிவிட்டார். அந்தக் குறிப்பைப் படிக்காமல் தாண்டும் வகுப்பில்தான் சிக்கல் தொடங்குகிறது. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டதற்கும் ஜைல்ஸ் கோரி கற்களால் அழுத்திக் கொல்லப்பட்டதற்கும் ஒரு பெண்ணின் நிறைவேறாத ஆசைதான் காரணம் என்ற எண்ணத்தோடு மாணவர் வகுப்பைவிட்டு வெளியேறுவதை நான் கடும் இழப்பாகவே கருதுகிறேன்.

இந்தக் குறைக்கு மருந்து கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. சேலம் விசாரணைப் பதிவுகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1692 மார்ச் 1 அன்று சாரா குட் என்ற ஏழைப் பெண்ணை விசாரித்த பதிவு சில பக்கங்களே கொண்டது. எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம் என்று முதல் கேள்வி. எதோடும் இல்லை என்கிறாள். சாத்தானோடு ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லையா என்று அடுத்தது; இல்லை என்கிறாள். இந்தக் குழந்தைகளை ஏன் துன்புறுத்துகிறாய் என்று மூன்றாவது. துன்புறுத்தினாயா என்று யாருமே கேட்கவில்லை என்பதை ஒரு மாணவர் தாமே கண்டுபிடிக்கும் நேரம் இந்த அலகில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த நேரங்களில் ஒன்று. நான் துன்புறுத்தவில்லை, அதை இகழ்கிறேன் என்று அவள் சொல்லும் பதில், நாடகத்தின் எந்த வசனத்துக்கும் இளைத்ததன்று. நாடகத்தை வைத்துக்கொள்ள விரும்பும் பள்ளி, முதல் அங்கத்துக்குப் பிறகு ஒரு நாளை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

இணை எழுத்துகளின் வழி

என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இணைகளை எப்படித் தேர்வது என்பதில்தான் இந்த வழியின் உயிர் இருக்கிறது. தவறான இணை, காலவரிசை வழியைவிட மோசமான விளைவைத் தரும்.

சிறந்த தொடக்க இணை பிராட்ஃபோர்டும் தாமஸ் மார்ட்டனும் என்பேன். பிளிமத்துக்கு வடக்கே மெர்ரிமவுண்ட் என்ற இடத்தில், 1627-இல், மார்ட்டன், ஆங்கிலேயரின் வசந்த விழாவுக்குரிய ஒரு மேதினக் கம்பத்தை நாட்டிக் குடியும் ஆட்டமுமாக விழா எடுத்தார். மறு ஆண்டு பிளிமத்திலிருந்து மைல்ஸ் ஸ்டாண்டிஷ் படையோடு போய் அவரைக் கைது செய்தார். இதே நிகழ்ச்சியை இருவரும் எழுதியிருக்கிறார்கள். பிராட்ஃபோர்டின் கணக்கில் அது ஒழுக்கக்கேடு; அதைவிட, பூர்வகுடிகளுக்குத் துப்பாக்கி விற்று எல்லாக் குடியேற்றங்களையும் ஆபத்தில் தள்ளிய துரோகம். மார்ட்டன் 1637-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘நியூ இங்கிலிஷ் கேனன்’ நூலில், எண்பதடி உயரப் பைன் மரத்தையும் அதன் உச்சியில் அறைந்த மான்கொம்பையும் பெருமையோடு வர்ணித்து, பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலை விற்கும் தம் வணிகம் செழித்ததைப் பிளிமத்தார் பொறுக்கவில்லை என்கிறார். குள்ளமான ஸ்டாண்டிஷுக்கு ‘கேப்டன் இறால்’ என்று பட்டப்பெயர் சூட்டுகிறார். சரணடைந்த காட்சியில் இருவரும் இன்னும் பிரிகிறார்கள். இரத்தம் சிந்தவேண்டாம் என்று நிபந்தனை பேசிப் பணிந்ததாக மார்ட்டன் எழுத, அவருடைய ஆட்கள் எதிர்க்க முடியாத அளவுக்குக் குடித்திருந்தார்கள் என்றும், காயம்பட்ட ஒரே ஆளும் போதையில் தன் மூக்கைத் தானே வாள்முனையில் கொண்டுபோய் இடித்துக்கொண்டவன் என்றும் பிராட்ஃபோர்ட் முகத்தைச் சுளிக்காமல் எழுதுகிறார். பியூரிட்டன் எழுத்தில் நகைச்சுவை கிடையாது என்று பாடத்தொகை படித்தவர்கள் நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு பிழை!

இந்த இணையின் தனிச்சிறப்பு, யார் பக்கம் நிற்பது என்பது முன்கூட்டியே முடிவாகாமல் இருப்பது. துப்பாக்கி விற்பனை பற்றிய அச்சம் பொய்யா, வணிகப் போட்டி பற்றிய குற்றச்சாட்டு பொய்யா, இரண்டுமே உண்மையா என்று மாணவர் எழுத்துக்குள்ளிருந்துதான் வாதிட முடியும். இதே மேதினக் கம்பத்தை வைத்து ஹாதார்ன் 1830-களில் எழுதிய சிறுகதையை மூன்றாவதாகச் சேர்த்தால், இரண்டாம் வழியின் பலனும் ஓரளவு இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்த இணை எட்வர்ட்ஸும் பிராங்க்ளினும். 1703-இல் பிறந்தவர் ஒருவர், 1706-இல் பிறந்தவர் மற்றவர். வழக்கமாக எட்வர்ட்ஸின் நரகத்தையும் பிராங்க்ளினின் பஞ்சாங்கப் பழமொழிகளையும் எதிரெதிரே வைத்து, இருளிலிருந்து ஒளிக்கு என்று பாடம் நடத்துவார்கள். அது சோம்பேறித்தனமான இணை. இருவரும் ஒரே வேலையைச் செய்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எட்வர்ட்ஸ் ஏறக்குறைய இருபது வயதில் தமக்கென எழுதிக்கொண்ட எழுபது தீர்மானங்கள் இருக்கின்றன. வாழ்வின் கடைசி மணிநேரமாக இருந்தால் எதைச் செய்ய அஞ்சுவேனோ அதை எப்போதும் செய்யமாட்டேன் என்பது அவற்றில் ஒன்று. பிராங்க்ளினின் தன்வரலாற்றில் பதின்மூன்று நற்பண்புகளின் பட்டியலும், ஏழு நாள்களுக்கு ஏழு கட்டங்கள் போட்ட சிறு ஏடும், தவறிய இடத்தில் வைக்கும் கரும்புள்ளியும் வருகின்றன. வாரம் ஒருமுறை தம் தீர்மானங்களைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எட்வர்ட்ஸ் குறித்துக்கொள்கிறார். வாரத்துக்கு ஒரு பண்பு என்று பிராங்க்ளின் திட்டமிடுகிறார். தன்னைத் தானே தணிக்கை செய்யும் அந்தக் கணக்குப்பிள்ளை மனம் இருவருக்கும் பொது.

பிரிவது எங்கே என்று தேடும்போதுதான் படிப்பு கூர்மையாகிறது. கடவுளின் துணையின்றி எதுவும் என்னால் ஆகாது என்ற ஒப்புதலோடு எட்வர்ட்ஸ் தொடங்குகிறார். பிராங்க்ளினோ பணிவு என்ற பதின்மூன்றாவது பண்பை, நீ செருக்குக் கொண்டவன் என்று குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு நண்பர் சொன்னதால் பிறகு சேர்த்ததாகவும், செருக்கை முழுக்க வென்றுவிட்டாலும் அந்தப் பணிவை எண்ணியே செருக்குக் கொள்வேன் போலும் என்றும் எழுதுகிறார். இளைஞர் ஒருவர் தமக்கே எழுதியது முன்னது. முதியவர் ஒருவர் தம் இளமையைப் பிறருக்குச் சொல்லிச் சிரித்துக்கொள்வது பின்னது. இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்ட மாணவருக்கு எழுத்தின் தொனி என்றால் என்னவென்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, இணை என்பதைவிட ஒரு சிறு வலை. மொஹீகன் என்ற பூர்வகுடி இனத்தவரான சாம்சன் ஆக்கம் 1768-இல் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றில், தமக்குக் கொடுத்ததைவிட வெள்ளைக்கார மிஷனரிகளுக்குப் பல மடங்கு கூலி கொடுத்தார்கள் என்று கணக்குக் காட்டி, தாம் ஏழை இந்தியர் என்பதே காரணம் என்று முடிக்கிறார். பூர்வகுடிகளுக்கான பள்ளிக்கென்று அவர் பிரிட்டனில் திரட்டிய ஏறக்குறைய 12,000 பவுண்டு, பிறகு டார்ட்மத் கல்லூரி உருவாகப் பயன்பட்டது. அவருக்கு 1774 பிப்ரவரியில் கறுப்பினக் கவிஞர் ஃபிலிஸ் வீட்லி எழுதிய கடிதம் அப்போதே செய்தித்தாள்களில் வெளியாயிற்று. ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுள் விடுதலை வேட்கையை ஊன்றியிருக்கிறார், அது ஒடுக்குமுறையைப் பொறுக்காது என்று அதில் எழுதினார் வீட்லி. விடுதலைப் பிரகடனத்துக்கு இரண்டு ஆண்டுகள் முந்தையது அது. அடுத்து, பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சன் வருகிறார்: அடிமை வணிகத்துக்காக மன்னரைக் குற்றஞ்சாட்டிய பத்தி அவருடைய வரைவில் இருந்தது, காலனிகளின் பிரதிநிதி அவையான காங்கிரஸ் அதை நீக்கியது, வீட்லியின் கவிதைகள் விமர்சிக்கவும் தகுதியற்றவை என்று பின்னர் எழுதியவரும் அதே ஜெஃபர்சன். 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹாலும் பிற கறுப்பின மக்களும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குக் கொடுத்த மனு, பறிக்கவியலா உரிமை என்ற பிரகடனத்தின் மொழியை எடுத்தே அடிமைத்தனத்தை எதிர்த்தது.

இங்கேதான் இணை வழியின் பெரிய ஆபத்தும் இருக்கிறது. பிரகடனத்தையும் அடிமை முறையையும் எதிரெதிரே வைத்தவுடன் ‘இரட்டை வேடம்’ என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொண்டு, அதையே ஐந்து பத்திக் கட்டுரையாக நீட்டி எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. தீர்ப்பு சரிதான், படிப்புதான் நடக்கவில்லை. அதைத் தவிர்க்க, வீட்லியின் ‘ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது பற்றி’ என்ற எட்டு வரிக் கவிதையைப் போன்ற பிடிகொடுக்காத எழுத்து ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். அடிமையாகக் கொண்டுவந்ததை இறைவனின் கருணை என்று முதல் வரி வாழ்த்துகிறது, மாணவர் திடுக்கிடுவார். ஆனால் கறுப்பு நிறம் பேய்ச்சாயம் என்ற வசையை வீட்லி மேற்கோள் குறிகளுக்குள் போட்டு இன்னொருவர் வாயில் வைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே கிறித்தவர்களை நோக்கி ‘நினைவிருக்கட்டும்’ என்று ஏவல் தொனியில் திரும்புகிறார். ஏழெட்டு வயதில் 1761-இல் பாஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்ட ஒருவர், பாஸ்டனின் பெரிய மனிதர்களுக்குப் புத்தி சொல்லும் இடம் அது. பணிவும் கண்டிப்பும் ஒரே கவிதைக்குள் இருப்பதை விளக்க முயல்பவர் ஒற்றைச் சொல் தீர்ப்போடு நிறுத்திக்கொள்ள முடியாது.

ஆன் பிராட்ஸ்ட்ரீட்டுக்கு இணையே வேண்டியதில்லை. 1666-இல் தம் வீடு எரிந்தது பற்றிய கவிதையில் அவர் தம்மோடு தாமே மோதுகிறார். கொடுத்தவனும் எடுத்தவனும் இறைவன் என்று ஒப்புக்கொண்டு முடித்துவிட்டு, பிறகும் அந்தச் சாம்பல்மேட்டைக் கடக்கும்போதெல்லாம் இங்கே பெட்டி இருந்தது, அங்கே பேழை இருந்தது, இந்தக் கூரையின்கீழ் இனி விருந்தினர் அமரமாட்டார் என்று வரி வரியாக எண்ணி எண்ணி அழுகிறார்; பிறகு தம்மையே கடிந்துகொள்கிறார். கோட்பாடு எத்தனை வரி, ஏக்கம் எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும். பியூரிட்டன்கள் உணர்ச்சியற்ற கல்மனத்தவர் என்ற பாடத்தொகைப் பிம்பம் தானே உதிர்ந்துவிடும்.

நேரம், தேர்வு, ஆசிரியர்

இணை வழியில் ஆசிரியரின் உழைப்பு மிகுதி. பாடத்தொகையைத் திறந்து அடுத்த பக்கத்துக்குப் போவதுபோல் அல்லாமல், பழைய எழுத்துக்கூட்டலைச் சீர்செய்து, குறிப்பெழுதி, படியெடுத்துத் தரவேண்டும். புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டிலேயே இதைச் சுமத்துவது நியாயமன்று; அவர் பாடத்தொகையையே பின்பற்றி ஓர் இணையை மட்டும் சேர்த்துக்கொள்வது போதுமானது. மாணவர் பக்கத்தில் இழப்பது வரைபடம்: மூன்று இணைகளைப் படித்து முடித்தவர் மார்ட்டன் முன்னா எட்வர்ட்ஸ் முன்னா என்று குழம்பக்கூடும்.

தேர்வுக் கோணத்தில் வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. பல பள்ளிகளில் இதே ஆண்டில் மாணவர்கள் ஏ.பி. எனப்படும் கல்லூரித் தர ஆங்கில மொழித் தேர்வுக்குப் போகிறார்கள். அதன் மூன்று கட்டுரைகள் பல ஆதாரங்களை இணைத்தெழுதுவது, ஓர் உரைநடையின் சொல்லாட்சியை அலசுவது, ஒரு கருத்தை வாதிடுவது என்று அமைந்தவை. இந்த மூன்றுக்கும் இணை வழியே நேரான பயிற்சி. காலவரிசை வழி, ஆண்டையும் ஆசிரியரையும் பொருத்தச் சொல்லும் பள்ளி அளவிலான தேர்வுகளுக்கே மிகவும் உதவும். நாடக வழி ஏ.பி. தேர்வுக்கு நேரடியாக உதவுவது குறைவு. ஆனால் படிப்பதையே கைவிட்டுவிட்ட மாணவர்கள் நிறைந்த வகுப்பில் மற்ற இரண்டு வழிகளும் முதல் வாரத்திலேயே சாய்ந்துவிடும் என்பதால், அங்கே நாடகத்தை முதலில் வைத்து, சாரா குட்டின் விசாரணையை நடுவில் செருகி, பிறகு ஒரே ஓர் இணைக்கு வருவதுதான் நடைமுறை அறிவு.

ஏழு வாரம் கிடைக்கும் சராசரி வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது இது. காலவரிசையை ஒரு பக்க அட்டவணையாகச் சுருக்கி, ஒவ்வொரு நூலுக்கும் எழுதிய ஆண்டையும் அச்சான ஆண்டையும் இரண்டு தனிப் பத்திகளில் போட்டு, முதல் நாளே குறிப்பேட்டில் ஒட்டச் செய்யவேண்டும். குழப்பத்துக்கு அது போதுமான காப்பு. இரண்டு வாரம் பிராட்ஃபோர்டும் மார்ட்டனும், மூன்று நாள் பிராட்ஸ்ட்ரீட், ஒன்றரை வாரம் எட்வர்ட்ஸும் பிராங்க்ளினும். இதில் என்ஃபீல்ட் பிரசங்கத்தை வெட்டாமல் முழுமையாகப் படிக்கவேண்டும். இரண்டு வாரம் ஆக்கம், வீட்லி, ஜெஃபர்சன், பிரின்ஸ் ஹால். ரோலண்ட்சனையும் பெயினையும் விட்டுவிட எனக்கு மனமில்லைதான். ஆனால் ஏழு வாரத்தில் இருவரையும் திணித்தால் மறுபடியும் துண்டுப் படிப்புக்கே திரும்பவேண்டியிருக்கும். எஞ்சும் நாள்களுக்குப் பேட்ரிக் ஹென்றி. விடுதலை கொடு அல்லது மரணம் கொடு என்று அவர் 1775 மார்ச்சில் ரிச்மண்டில் முழங்கியதாக நாம் படிக்கும் உரையின் வடிவம், கேட்டவர்களின் நினைவுகளைத் திரட்டி வில்லியம் வர்ட் 1817-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. அதன் சொல்லாட்சியை அலசும் கட்டுரையில் ஆசிரியர் என்று யார் பெயரைப் போடுவது என்பதை மாணவரே முடிவு செய்து, ஏன் என்று ஒரு பத்தி எழுதட்டும்.